அரை மூடி வாசனை

மார்ச் மாதத்தின் முதல் திங்கட்கிழமை, கொரிய நகரம் ஒன்றில், சேபியொல் என்ற அலுவலகக் கட்டடத்தின் கீழ்த்தளத்திலிருந்து நான்கு தள்ளுவண்டி நிறைய வாசனை வெளியே போனது. ப்ளீச் கேன்கள், தரைக்குப் பூசும் மெழுகு, ஆண்கள் கழிப்பறைக்கான அந்துருண்டை மூட்டை, லிஃப்ட்டில் அடிக்கும் எலுமிச்சை ஸ்ப்ரே. பன்னிரண்டு மாடியையும் பதினோரு வருடம் மணக்க வைத்த அத்தனையும் போனது. துப்புரவுக் குழுவின் தலைவி மல்சூன் படிக்கட்டுக்கு அடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டார் சொல்லாமல் கொள்ளாமல் காலி செய்துகொண்டு போவதைப் பார்ப்பது போல இருந்தது அவளுக்கு.

போன பொருளுக்குப் பதிலாகச் சுவரில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டினார்கள். பொத்தானை அழுத்தினால் தண்ணீரும் மருந்தும் சரியான அளவில் கலந்து வாளிக்குள் விழும். கூடவே மெல்லிய நூல்துணிகள்: கழிப்பறைக்குச் சிவப்பு, மேசைக்கு நீலம். ஒவ்வொன்றையும் எட்டு முகமாக மடித்து, ஒரு முகத்தை ஒரு முறைதான் துடைக்கப் பயன்படுத்த வேண்டும்.

சொல்லிக்கொடுக்க வந்த பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. "அம்மா, வாசனை வந்தா சுத்தம்னு நெனைச்சுக்காதீங்க. வாசனை வருதுன்னா என்னமோ ஒண்ணு காத்துல மிதக்குதுன்னு அர்த்தம். அதைத்தான் நீங்களும் மூச்சுல இழுக்குறீங்க, மேல வேலை பாக்குறவங்களும் இழுக்குறாங்க. சுத்தமான இடத்துக்கு வாசனையே கிடையாது" என்றாள்.

"அப்ப எங்க வீட்டுக்காரரைத்தான் மொதல்ல வெளியேத்தணும். பூண்டும் சோஜு சாராயமுமா ராத்திரி பூரா மிதக்குறாரு மனுஷன்!" என்றாள் ஒன்பதாம் மாடிக்கு மேலே துடைக்கிற கில்ஜா. எல்லோரும் சிரித்தார்கள். மல்சூனும் சிரித்தாள்.

அந்தப் பெண் சொன்னது பொய்யில்லை. மே மாதத்துக்குள் மல்சூனின் விரல் வெடிப்புகள் மூடிக்கொண்டன. கழிப்பறையைக் கழுவிவிட்டு வந்தால் கண் எரிந்து நீர் வழிவது நின்றது. காலையில் தொண்டையைச் செருமாமல் பேச முடிந்தது. இதையெல்லாம் வீட்டில் மகளிடம் வாய் நிறையச் சொல்லவும் செய்தாள்.

ஆனால் அவளுக்கு ஒரு குறை இருந்தது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

அவர்களுடைய வேலை விடியுமுன் தொடங்கும். அலுவலக ஆட்கள் வந்து சேரும்போது வாளியும் கையுமாக யாரும் எதிரே நிற்கக் கூடாது. ஆக, துடைத்தவளை யாரும் பார்ப்பதில்லை. முன்பெல்லாம் லிஃப்ட் கதவு திறந்ததும் யாராவது மூக்கை உறிஞ்சி, "அட, இப்பத்தான் துடைச்சுட்டுப் போயிருக்காங்க" என்பார்கள். படிக்கட்டுக் கதவுக்குப் பின்னால் நின்று அதைக் காதில் வாங்கிக்கொண்டுதான் மல்சூன் கீழே இறங்குவாள். இப்போது அந்தப் பேச்சு இல்லை. முன்னைவிட நன்றாகத் துடைத்தாள்; யாருக்கும் தெரியவில்லை. ஒரு நாள் ஐந்தாம் மாடிக் காப்பீட்டு அலுவலகத்தின் தலைவர் நின்று, "ஏன் யோசாநிம், இப்பல்லாம் தெனமும் துடைக்கறதில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

யோசாநிம் என்பது பெரிய வீட்டு அம்மாக்களைக் கூப்பிடுகிற சொல். கட்டடத்தில் மேலே இருப்பவர்கள் துடைக்கிற பெண்களையும் அப்படித்தான் அழைத்தார்கள். பெயர் தெரியாத இடத்தில் கொஞ்சம் மரியாதையைப் போர்த்திவிட்டால் வேலை முடிந்தது. கீழே, ஓய்வறையில், பெண்கள் தங்களுக்குள் அந்தச் சொல்லைக் கேலிக்குத்தான் பயன்படுத்துவார்கள். அங்கே எல்லோருக்கும் மல்சூன் 'அக்கா'தான்.

தலைவரின் கேள்வி அவளைத் தூங்க விடவில்லை. மறுநாள் வீட்டிலிருந்து கிளம்பும்போது, துவைத்த துணி மெத்தென்று மணக்க அலசும் நீரில் விடுகிற ரோஜா நிறத் திரவத்தில் கொஞ்சத்தை ஒரு பழைய தயிர்ப் புட்டியில் ஊற்றி, மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். வீட்டில் எத்தனையோ பேர் அதைத் தண்ணீரில் கலந்து தரை துடைக்கிறார்கள், அவளும் துடைப்பாள். ஐந்தாம் மாடிக்குப் போனதும் வாளியில் அரை மூடி விட்டாள். அரை மூடிதான்.

"ம்ம், இன்னிக்குத்தான் சுத்தமா இருக்கு!" என்றார் காப்பீட்டுத் தலைவர், லிஃப்ட்டை விட்டு இறங்கியதும். கதவுக்குப் பின்னால் மல்சூனுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், நீரில் நனைத்துத் தரை துடைக்கும் நாள். அந்த இரண்டு நாளும் தயிர்ப் புட்டி அவளோடு மேலே ஏறியது.

ஜூன் மாதம் ஐந்தாம் மாடியின் மறுபாதிக்கு, நிலப்படம் வரையும் ஒரு சிறிய நிறுவனம் குடிவந்தது. அதில் ஹேவோன் என்ற பெண் எல்லோருக்கும் முன்னால் ஏழரைக்கே வந்துவிடுவாள். மெலிந்த உடம்பு, கழுத்தில் எப்போதும் ஒரு துண்டுத் துணி. முதல் வாரமே மல்சூனைத் தேடி வந்து இரண்டு கைகளாலும் ஒரு குளிர்ந்த பார்லித் தேநீர்ப் புட்டியை நீட்டினாள்.

"யோசாநிம், உங்களுக்கு நன்றி சொல்லணும்னு நெனைச்சேன். எனக்கு ஆஸ்துமா. பழைய ஆபீஸ்ல தரை துடைச்ச அன்னிக்கெல்லாம் படிக்கட்டுல போய் உக்காந்துதான் வேலை பாப்பேன். இந்தக் கட்டடத்துல வாசனையே போடறதில்லைன்னு கேள்விப்பட்டு நான்தான் எங்க ஆளுங்களைக் கெஞ்சி இங்க கூட்டிட்டு வந்தேன். இப்ப மூச்சு விட முடியுது. எல்லாம் உங்க கையாலதான்."

மேலங்கிப் பைக்குள் தயிர்ப் புட்டி தொடையில் இடித்தது. மல்சூன் குனிந்து தேநீரை வாங்கிக்கொண்டாள்.

அன்றோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. அவள் விடவில்லை. அதற்கென்று ஒரு கணக்கும் வைத்துக்கொண்டாள்: நிலப்பட ஆபீஸுக்குள் வெறும் மருந்துத் தண்ணீர், நடைபாதைக்கும் லிஃப்ட் வாசலுக்கும் மட்டும் அரை மூடி. குழந்தைத் துணியில் போடுகிற திரவம்தானே, அது யாரை என்ன செய்துவிடும்? கோடை முழுக்க ஜன்னல்கள் திறந்து கிடந்தன. ஒன்றும் ஆகவில்லை. அவளுடைய கணக்கு சரி என்றே தோன்றியது.

கீழே துணிகளை வெளுக்கிற வேலை ஓக்ரானுடையது. வடக்கே, துமன் ஆற்றுக்கு அந்தப் பக்கம், சீனாவின் யன்பியனிலிருந்து வந்த கொரியப் பெண் அவள். ஆறாம் மாடி முதல் எட்டாம் மாடி வரை துடைத்துவிட்டு, எல்லோருடைய துணியையும் இயந்திரத்தில் போடுவாள். அவளுடைய இழுத்துப் பேசும் பேச்சைக் கேட்டால் கில்ஜாவுக்குச் சிரிப்புத் தாங்காது. "ரேடியோ நாடகத்துல கிழவன் செத்துப்போறதுக்கு முன்னாடி பேசற மாதிரியே பேசறா" என்பாள். ஓக்ரான் கோபித்துக்கொள்ள மாட்டாள். முழங்காலுக்குப் பச்சை நிறத் தைலம் ஒன்றைத் தடவிக்கொண்டு, தானும் சேர்ந்து சிரிப்பாள்.

அந்த ஓக்ரான் செப்டம்பரில் ஒரு நாள் துணியைத் தூக்கிப் பிடித்து, "அக்கா, உங்க துணி மட்டும் ஏன் இப்படி வழுக்குது? தண்ணியவே குடிக்க மாட்டேங்குதே" என்றாள்.

"பழசாயிருக்கும்."

"எல்லாம் ஒரே நாள் வந்த துணிதானே?"

"எனக்கென்ன தெரியும், என் கை ராசி" என்று மல்சூன் பேச்சை மாற்றினாள்.

நவம்பரில் குளிர் இறங்கியது. ஜன்னல்களை அடைத்து வெப்பமூட்டியைப் போட்டார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஹேவோன் லிஃப்ட்டிலிருந்து இறங்கி நான்கு எட்டு வைத்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். படிக்கட்டுக் கதவின் இடுக்கு வழியே மல்சூன் பார்த்தாள். அந்த இருமல் இருமலாக இல்லை. அடைத்த குழாயில் காற்று புகப் பார்ப்பது போல இருந்தது. கைப்பையைக் கொட்டி மருந்துக் குழலைத் தேடினாள். ஆட்கள் ஓடி வந்தார்கள். மல்சூனுடைய கை கதவின் பிடியில் இருந்தது. திறக்கவில்லை. போய்த் தாங்கிப் பிடித்தால் தன் மேலங்கியே மணக்குமே என்று அந்த நேரத்திலும் தோன்றியது பாருங்கள், அதைத்தான் பிறகு அவளால் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை.

ஹேவோன் ஒரு வாரம் வரவில்லை. மூச்சு முட்டிய அன்றைக்கே நிலப்பட ஆபீஸிலிருந்து புகார்க் கடிதம் போனது. மறுநாள் மதியம், பெண்கள் சோற்றுப் பெட்டியைத் திறந்து வைத்திருந்தபோது, மேலாளர் பியொன் ஓய்வறைக்கு வந்தார்.

"யாரோ வாசனைப் பொருள் கொண்டு வர்றீங்க. யாருன்னு இப்பவே சொல்லிடுங்க. புகார் பெரிய இடத்துக்குப் போகப் பாக்குது."

அவர் மூக்கைச் சுருக்கினார். மதியம் ஓக்ரான் தலை சாய்க்கிற தலையணைக்குப் பக்கத்தில் பச்சைத் தைலப் புட்டி இருந்தது.

"இது என்ன?"

"முழங்காலுக்குங்க சார்" என்றாள் ஓக்ரான், எழுந்து நின்று. "ராத்திரி தடவுவேன். காலைல ஒரு தடவை."

"காலைல தடவிக்கிட்டு அஞ்சாவது மாடிக்குப் போவீங்களா?"

"என் மாடி ஆறு, ஏழு, எட்டுங்க."

மேலாளர் மல்சூன் பக்கம் திரும்பினார். "நீங்கதான் தலைவி. உங்க வார்த்தைய நான் நம்புறேன். சொல்லுங்க."

மல்சூனின் வாயில் ஒரு கவளம் சோறு இருந்தது. அதை மென்று விழுங்குவதற்குள் எத்தனையோ சொல்லியிருக்கலாம். அவள் சொன்னது ஒன்றுதான்.

"குப்பை அள்ள எனக்கு ஒத்தாசையா அஞ்சாவது மாடிக்கு வருவா, சார்."

பொய் இல்லை. ஓக்ரான் வருவாள், மல்சூனின் இடுப்பு வலிக்கிற நாளில், கேட்காமலே வருவாள்.

மேலாளர் தைலத்தைக் குப்பைத் தொட்டியில் போட்டார். அடுத்த நாளிலிருந்து ஓக்ரானுக்குக் கீழே இரண்டாம், மூன்றாம் நிலவறை, கார் நிறுத்துமிடம். வெளிச்சம் இல்லை, வெப்பமூட்டி இல்லை. கான்கிரீட் தரையில் முழங்கால் நொந்துபோகும். ஆண்டு முடிவில் வேலையைப் புதுப்பிக்கும்போது பார்க்கலாம் என்று வேறு சொல்லிவிட்டுப் போனார்.

"நம்ம ஓக்ரானுக்கு ப்ரமோஷன்! தனியா ரெண்டு மாடி, கூடவே எத்தனை கார் வேற" என்றாள் கில்ஜா. சிரிப்பு வரவில்லை.

ஓக்ரான் கெஞ்சுவாள், அழுவாள், சண்டையாவது போடுவாள் என்று மல்சூன் எதிர்பார்த்திருந்தாள். அப்படி ஏதாவது செய்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். ஓக்ரானோ தன் கைகளை முகர்ந்து பார்த்துக்கொண்டு, "நாந்தான் அக்கா அந்தப் பொண்ணை அப்படிப் பண்ணிட்டேன்" என்றாள். "இத்தனை நாளா ஒரு தடவைகூடத் தோணலையே எனக்கு. என் பொண்ணு வயசு இருக்கும்."

அவள் நம்பிவிட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை காலை, ஓக்ரான் துணியில் முடிந்த ஒரு பெட்டியோடு வந்தாள். நாஜு ஊர்ப் பேரிக்காய், ஆறு.

"அந்தப் பொண்ணு இன்னிக்கு வேலைக்கு வந்துருக்காம். மன்னிப்புக் கேக்கணும். நான் தனியாப் போனா என் பேச்சைக் கேட்டுச் சிரிப்பாங்க அக்கா. உங்களுக்குப் பழக்கம்தானே, கூட வாங்க. பேச வேண்டாம், பக்கத்துல நின்னா போதும்."

"இதெல்லாம் எதுக்கு? அதான் முடிஞ்சுபோச்சே."

"எனக்கு முடியலையே" என்றாள் ஓக்ரான். "மூச்சுக்கு நல்லதுன்னு பேரிக்காயா வாங்கினேன். இஞ்சி போட்டு வேக வைக்கணும்."

மறுக்க என்ன காரணம் சொல்வது? இருவரும் லிஃப்ட்டில் ஏறினார்கள். ஓக்ரான் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிச் சிவக்க வைத்திருந்தாள். மல்சூன் லிஃப்ட் கண்ணாடியைப் பார்க்காமல் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு எண்ணிலும் விளக்கு எரிந்து அணைந்தது.

ஹேவோன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. மல்சூனைப் பார்த்ததும் எழுந்து, "யோசாநிம்! வாங்க" என்று நாற்காலி இழுத்துப் போட்டாள். அந்த வரவேற்பே போதுமாக இருந்தது, மல்சூன் கூசிப்போக.

ஓக்ரான் இடுப்பை மடித்துக் குனிந்தாள். நிமிரவில்லை. தரையைப் பார்த்தபடியே சொன்னாள்: "நான் தைலம் தடவிட்டு இந்த மாடிக்கு வந்தேம்மா. அதனாலதான் உனக்கு அப்படி ஆச்சு. எனக்குத் தெரியாது. தெரியலைன்னு சொன்னா சரியாப்போகாது. மன்னிச்சுக்கோ."

ஹேவோன் திகைத்துப்போய் அவளைத் தோளைப் பிடித்து நிமிர்த்தினாள். "தைலமா? எந்தத் தைலம்?"

"பச்சைப் புட்டி. கற்பூர வாசம் அடிக்குமே."

"ஐயோ, அதுவா? அது எனக்கு ஒண்ணும் பண்ணாதே. எனக்குப் பக்கத்து மேசைக்காரரே கழுத்துவலிக்கு அதைத்தான் தடவுறாரு." ஹேவோன் சிரித்தாள், சிரிப்பு இருமலில் முடிந்தது. "இது வேற. இனிப்பா, பூ மாதிரி... துவைச்சுக் காயப் போட்ட துணி மாதிரி ஒரு வாசம். லிஃப்ட் வாசல்ல ஆரம்பிக்கும். செவ்வாய்க்கிழமை, வெள்ளிக்கிழமை. நான் குறிச்சே வெச்சிருக்கேன்."

ஓக்ரானின் விரல்கள் அசைந்தன, எதையோ தடவிப் பார்ப்பது போல: கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும், வழுக்குகிற துணியைத் தேய்த்துப் பார்க்கிற விரல்கள். பிறகு மெதுவாக மல்சூனைத் திரும்பிப் பார்த்தாள். கோபமான பார்வை இல்லை. அப்படி இருக்காது, அப்படி மட்டும் இருந்துவிடக் கூடாது என்று கெஞ்சுகிற பார்வை. ஒரு நொடிதான். உடனே ஹேவோன் பக்கம் திரும்பி, "லிஃப்ட் ரிப்பேருக்கு வர்ற ஆளுங்க எதாவது அடிச்சிருப்பாங்கம்மா" என்றாள்.

தன்னைக் காட்டிக்கொடுத்தவளைக் காப்பாற்ற அவளுக்கு யோசிக்கக்கூட நேரம் வேண்டியிருக்கவில்லை.

மல்சூனுக்கு உடம்பெல்லாம் தீப்பிடித்தது போல ஆயிற்று. காது மடல்கூட எரிந்தது. இப்போது வாயை மூடிக்கொண்டு கீழே இறங்கிவிடலாம்; கதவு திறந்துதான் இருந்தது. அவள் மேலங்கிப் பைக்குள் கையை விட்டு, அந்தச் செவ்வாய்க்கிழமையிலிருந்து அங்கேயே கிடந்த தயிர்ப் புட்டியை எடுத்துப் பேரிக்காய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"நான்தான்" என்றாள். குரல் எழும்பவில்லை, இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருந்தது. "நான்தான். அரை மூடி. மணக்கட்டுமேன்னு ஊத்தினேன்."

"எதுக்கு யோசாநிம்?" ஹேவோன் புரியாமல் கேட்டாள். "நான்தான் அன்னிக்கே சொன்னேனே."

"சொன்னே. சொன்னப்புறமும் ஊத்தினேன்." இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அதைச் சொல்வதுதான் கடினமாக இருந்தது. "இவ மேல பழி போனப்பவும் சும்மா இருந்தேன். இல்லை, சும்மா இல்லை. இவ இந்த மாடிக்கு வருவான்னு எடுத்துக் குடுத்ததே நான்தான்."

ஹேவோன் கத்தவில்லை. புட்டியைப் பார்த்தாள். பிறகு அவளுக்கே தெரியாமல், ஒரு அடி பின்னால் நகர்ந்து, கழுத்துத் துணியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். வேண்டுமென்று செய்ததல்ல. உடம்பு தன்னைத் தானே காத்துக்கொண்டது. எத்தனை வசவு வாங்கியிருந்தாலும் அந்த ஒரு அடிக்கு ஈடாகாது என்று மல்சூன் பிறகு நினைத்துக்கொண்டாள்.

அங்கிருந்து அவள் நேரே மேலாளர் அறைக்குப் போனாள். பியொன் முழுவதையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் தேய்த்துக்கொண்டார்.

"மொதல் நாளே சொல்லியிருந்தா ஒரு திட்டோட போயிருக்கும். பதினோரு வருஷம்... உங்க வார்த்தைன்னு நம்பினேன்."

"அவளை மேல அனுப்பிடுங்க சார். நிலவறைக்கு நான் போறேன்."

"அது நீங்க கேட்டுத்தான் நடக்கணுமா?" என்றார் அவர். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "ஆனா அந்தத் தைலம் தைலம்தான். வேலை நேரத்துல கூடாது. வீட்டுல தடவிக்கச் சொல்லுங்க. இல்லை, வேணாம், நானே சொல்றேன்" என்றார்.

தலைவி என்று எழுதிய கைப்பட்டை கில்ஜாவுக்குப் போயிற்று. அவள் வழக்கமாகச் செய்கிற கேலி எதுவும் செய்யாமல் அதை வாங்கிக் கட்டிக்கொண்டாள். அதுவும் உறுத்தியது.

நிலவறையில் யாரும் மூக்கை உறிஞ்சி எதுவும் சொல்வதில்லை. டயர் தடங்களையும் எண்ணெய்ச் சொட்டுகளையும் மல்சூன் மருந்துத் தண்ணீரில் தேய்த்தாள், எட்டு முகமாக மடித்து, ஒரு முகத்துக்கு ஒரு துடைப்பு. துடைத்தது தெரிகிறதா என்று யாரையும் எதிர்பார்க்கவில்லை. ஹேவோன் வருகிற நேரம் தெரியும். அந்த நேரத்தில் லிஃப்ட் பக்கமே போக மாட்டாள். இத்தனை வருடம் அதே திரவத்தில் அலசிய சீருடை அல்லவா? தான் நடந்து போகிற இடமெல்லாம் அது கூடவே வரும் என்று இப்போதுதான் உறைத்திருந்தது.

வீட்டில் புட்டிகளை எல்லாம் கொட்டிவிட்டாள். சீருடையை வினிகரில் ஊற வைத்தாள், கொதிநீரில் போட்டாள், வெயிலில் இரண்டு நாள் தொங்கவிட்டாள். பழகிப்போன மூக்குக்கு வாசனை போயிற்றா இல்லையா என்று தெரியவில்லை. யாரையாவது கேட்க வேண்டும்.

டிசம்பரில் ஒரு மதியம் ஓய்வறைக்கு வந்தாள். இப்போதெல்லாம் அவள் கதவோரம்தான் உட்காருவது. மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார்கள். ஓக்ரான் சலவை இயந்திரத்துக்கு முன்னால் நீலத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். நிலவறையிலிருந்து வந்த பிறகும் முழங்காலைக் கொஞ்சம் இழுத்துத்தான் நடந்தாள்.

மல்சூன் சீருடையை நீட்டினாள். "அஞ்சு தண்ணி அலசிட்டேன். வாசம் இருக்கான்னு பாத்துச் சொல்லேன்."

ஓக்ரான் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். காலரில் முகர்ந்தாள், கை மடிப்பில் முகர்ந்தாள், அக்குளில் முகர்ந்தாள். அவசரப்படாமல், செய்கிற வேலையைச் சரியாகச் செய்கிறவள் முகர்வது போல.

"இருக்கு, யோசாநிம்" என்றாள்.

மல்சூன் அந்தச் சொல்லைக் கேட்டாள். கேலி இல்லை அதில். மேலே இருப்பவர்கள் சொல்வது போலவே மரியாதையாக, தள்ளி நின்று, ஓக்ரான் அதைச் சொன்னாள். 'அக்கா' என்று கடைசியாக அவள் கூப்பிட்டது அன்றைக்கு, பேரிக்காய்ப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது.

"கொஞ்சமாவா?"

"கொஞ்சம் இல்லை."

"இந்த மிஷின்ல ஒரு தடவை போட்டுப் பாக்கட்டுமா?"

ஓக்ரான் மடித்த துணிகளின் மேல் கையை வைத்தாள். "வேண்டாம். என் துணிக்கெல்லாம் ஒட்டிக்கும்."

மல்சூன் தலையை ஆட்டிச் சீருடையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். மூலையிலிருந்து தன் வாளியை இழுத்துக் குழாயடியில் வைத்து, ஆறாவது தண்ணீரைத் திறந்துவிட்டாள்.